தண்டுவடக் காயம் ஆறுமா? ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சியின் கணக்கு

கழுத்திலோ முதுகிலோ அடிபட்டுக் கைகால் செயலிழந்தவர் இருக்கும் வீட்டில் ஒரு கேள்வி ஓய்வதே இல்லை: இதற்கு மருந்து வந்துவிட்டதா? வந்துவிட்டது என்றே செய்திகள் சொல்கின்றன. முடங்கிய எலிகள் நடந்தன என்று ஒரு செய்தி வரும். மூளையில் கருவி பொருத்தியவர் படி ஏறினார் என்று இன்னொன்று வரும். ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடக்கலாம் என்று விளம்பரமும் வரும். மருத்துவரிடம் போய்க் கேட்டால், “நரம்பு இனி வளராது, பழகிக்கொள்ளுங்கள்” என்று முடித்துவிடுவார். இரண்டு பக்கமும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியைத் தேடுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறார்கள். சாலை விபத்தும் விழுவதும் முதன்மையான காரணங்கள். நம் ஊரில் அது பைக்கில் போனவராக இருக்கும். சாரத்தில் நின்ற கட்டடத் தொழிலாளியாக, தென்னை ஏறியவராக, ஆழம் பார்க்காமல் கிணற்றில் குதித்த பையனாக இருக்கும். பலர் இளவயதினர், குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட்டவர்கள்.

நூறாண்டு ஆராய்ச்சியை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அறுந்த நரம்பை மறுபடி வளர்க்கும் முயற்சி ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வந்து, மருத்துவமனை வாசலில் நிற்கிறது. அறுபடாமல் எஞ்சிய நரம்பை வேலைக்கு இழுக்கும் முயற்சியோ மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டது. இந்த வேறுபாடு பிடிபட்டால், எந்தச் செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பதும் பிடிபடும்.

உள்ளே நடப்பது என்ன?

தண்டுவடம் மூளையின் அடியில் தொடங்கி முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புத் திசு. வளர்ந்தவருக்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம். 31 இணை நரம்புகள் அதிலிருந்து பிரிந்து உடலெங்கும் போகின்றன. மூளையின் கட்டளை கீழே இறங்குவதும் தொடுதல், வலி, சூடு மேலே ஏறுவதும் இதன் வழியேதான். கழுத்தின் மேற்பகுதியில் அடிபட்டால் உதரவிதானம் செயலிழந்து மூச்சே நின்றுபோகலாம். கழுத்தின் கீழ்ப்பகுதியில் பட்டால் விரல்களும் கால்களும் போகும். நடுமுதுகில் பட்டால் கை தப்பும், கால் போகும். பட்ட மட்டம் எதுவானாலும் சிறுநீர், மலம், பாலுறவு ஆகியவற்றின் கட்டுப்பாடு பெரும்பாலும் கெட்டுவிடும். வெளியார் கண்ணுக்குச் சக்கர நாற்காலிதான் தெரியும். உள்ளே இருப்பவரின் அன்றாடப் போராட்டம் பெரும்பாலும் சிறுநீர்ப்பையோடும் படுக்கைப்புண்ணோடும்தான்.

தண்டுவடம் வெட்டுப்பட்டு இரண்டு துண்டாவது அரிது. உடைந்த எலும்போ பிதுங்கிய வட்டோ அதை நசுக்குகிறது. அந்த முதல் அடியைத் தொடர்ந்து வரும் மணிநேரங்களும் நாட்களும் இன்னும் கெடுக்கின்றன. இரத்தம் கசிகிறது, திசு வீங்குகிறது, ஆக்சிஜன் குறைகிறது. சாகும் நரம்பணுக்களிலிருந்து குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவுமீறிக் கொட்டி, பக்கத்தில் நன்றாக இருந்த அணுக்களையும் கொல்கிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் வந்து குவிகின்றன. வாரங்கள் கழியும்போது நடுவில் நீர் கோத்த பொந்தும் அதைச் சுற்றி வடுவும் மிஞ்சுகின்றன. அதற்குக் கீழே உள்ள நரம்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. மேலிருந்து அவற்றுக்குக் கட்டளை வருவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, பழுதுபார்ப்பது என்பதற்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. அணுக்களின் சாவைத் தடுக்க வேண்டும். அறுந்த நரம்பிழைகள் வளர வேண்டும். வளர்ந்தவை வடுவையும் பொந்தையும் கடந்து, சரியான அணுவைத் தேடிப் பிடித்து இணைய வேண்டும். இணைந்தவற்றின்மேல் மயலின் உறை படர வேண்டும். பிறகு அந்தப் புதிய இணைப்பைப் பயன்படுத்த உடல் பழக வேண்டும். அறுந்த கயிற்றை முடிந்துவிடுவது போன்ற வேலையாக இருந்திருந்தால் அறுவை மருத்துவர்கள் என்றோ முடித்திருப்பார்கள்.

உயிர் பிழைத்ததே முதல் வெற்றி

ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எழுதப்பட்ட மருத்துவச் சுவடி ஒன்று, எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற பெயரில் கிடைத்திருக்கிறது. கழுத்தெலும்பு விலகிக் கைகால் உணர்விழந்து சிறுநீர் தானாக வடியும் நோயாளியை அது துல்லியமாக விவரிக்கிறது. பின்னர், இது மருத்துவம் செய்யக்கூடிய நோயல்ல என்று தீர்ப்புச் சொல்கிறது. அந்தத் தீர்ப்பு இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. முதல் உலகப்போரில் தண்டுவடத்தில் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் சிறுநீரகத் தொற்றாலும் படுக்கைப்புண்ணாலும் இறந்துபோனார்கள்.

இதை மாற்றியவர் லுட்விக் குட்மன். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத நரம்பியல் மருத்துவர். 1944இல் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை இரவும் பகலும் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார். சிறுநீர்ப்பையைச் சுத்தமாக வைத்தார். எழுப்பி உட்காரவைத்து வேலையும் விளையாட்டும் கற்றுக்கொடுத்தார். 1948இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியே பின்னாளில் பாராலிம்பிக் ஆனது. நரம்பு ஓர் இழைகூட வளரவில்லை. ஆனால் சாவுக்குக் காத்திருந்தவர்கள் பல பத்தாண்டுகள் வாழத் தொடங்கினார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வரலாறு வேலூரில் தொடங்குகிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் தலைமையில் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இத்துறைக்கு வழி போட்டவரே தண்டுவடக் காயம் பட்ட ஒருவர்தான். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ அமைப்பை உருவாக்கிய ப்ரீத்தி சீனிவாசன் இருவரும் இளவயதில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்களே.

‘வளராது’ என்ற தீர்ப்பு உடைந்த கதை

ஸ்பெயின் நாட்டு அறிவியலாளர் சாந்தியாகோ ரமோன் இ கஹால், நரம்பணுவின் வடிவத்தை உலகுக்குக் காட்டி 1906இல் நோபல் பரிசு பெற்றவர். அறுந்த தண்டுவட நரம்பிழைகளை நுண்ணோக்கியில் பார்த்தார். முனைகள் சிறிது துளிர்த்து, பிறகு வளர்ச்சி நின்று வாடிப்போவதைக் கண்டார். வளர்ந்த மனிதரின் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புப் பாதைகள் மாறாதவை, மீண்டும் முளைக்காதவை என்ற முடிவு அவரோடு வேரூன்றியது. ஆனால் அவருடைய மாணவர் டெல்லோ 1911இல் ஒரு முயலின் மூளைக்குள் கால் நரம்புத் துண்டை வைத்தபோது, மூளையின் நரம்பிழைகள் அதற்குள் வளர்ந்ததாகத் தெரிந்தது. அந்தத் தடயத்தை எழுபது ஆண்டுகள் யாரும் உறுதி செய்யவில்லை.

கைகால் நரம்புகள் அறுந்தால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் வளரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தண்டுவடத்தில் மட்டும் ஏன் வளர்வதில்லை? நரம்பணுவின் இயலாமையா, சுற்றியிருக்கும் மண்ணின் குற்றமா? 1980, 1981ஆம் ஆண்டுகளில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆல்பர்ட் அகுவாயோவின் குழு இதற்கு விடை கண்டது. எலியின் கால் நரம்பை எடுத்துத் தண்டுவடத்தில் ஒட்டினார்கள். தண்டுவடத்தின் நரம்பிழைகள் அந்தப் பாலத்துக்குள் சில சென்டிமீட்டர் தூரம் வளர்ந்தன. பாலம் முடிந்து மறுபடி தண்டுவடத்தைத் தொட்ட இடத்தில் நின்றுவிட்டன. வளரும் திறன் நரம்பணுவுக்குள் இருக்கிறது, தடை வெளியே இருக்கிறது என்பது அதிலிருந்து உறுதியானது. இன்றைய ஆராய்ச்சி முழுவதற்கும் இந்தச் சோதனைதான் அடித்தளம்.

அந்தத் தடையைத் தேடிப் போனவர் சூரிச் நகரின் மார்ட்டின் ஷ்வாப். தண்டுவடத்தில் நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதம் இருப்பதை 1988இல் காட்டினார். 1990இல் அதை முடக்கும் எதிர்ப்புரதத்தைச் செலுத்தியபோது எலிகளின் நரம்பிழைகள் வளர்ந்தன. 2000இல் அதன் மரபணு கண்டறியப்பட்டு ‘நோகோ’ என்று பெயர் பெற்றது. அடுத்து வடுவின் முறை. வடுவில் இருக்கும் சர்க்கரை கலந்த புரதங்களும் தடை என்று தெரிந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் எலிசபெத் பிராட்பரி குழு 2002இல் காண்ட்ராய்டினேஸ் என்ற பாக்டீரிய நொதியால் அவற்றைக் கரைத்தபோது எலிகளின் நடை ஓரளவு மீண்டது.

வடு முழுக்கப் பகை என்று இருந்த நம்பிக்கையும் 2016இல் ஆட்டம் கண்டது. மைக்கேல் சாஃப்ரோனியூ குழு, வடுவை உருவாக்கும் அணுக்களை எலிகளில் அகற்றிப் பார்த்தது. நரம்பிழைகள் கூடுதலாக வளரவில்லை; குறைந்தன. அழற்சி பரவாமல் காப்பதும் அந்த வடுதான் என்று தெரிந்தது. முழுவதுமாக அழிக்க வேண்டிய பொருள் அல்ல அது, தக்கவாறு மாற்றியமைக்க வேண்டியது என்று ஆய்வாளர்கள் கற்றுக்கொண்டார்கள். இதற்கிடையே பாஸ்டனின் ஷிகாங் ஹே குழு, தடை வெளியில் மட்டும் இல்லை என்று காட்டியது. வளர்ந்த நரம்பணுவுக்குள் வளர்ச்சியை அமர்த்தி வைத்திருக்கும் பிடென் என்ற மரபணுவை நீக்கினால், எலிகளின் பார்வை நரம்பும் பிறகு தண்டுவடத்தின் முதன்மைப் பாதையும் வளர்ந்தன. ஆனால் அதே மரபணுதான் உடலில் புற்றுநோயைத் தடுக்கிறது. மனிதரில் அதைத் தொடுவது எளிதல்ல.

எலியில் நடந்தது மனிதரில் நடக்குமா? நோகோவுக்கு எதிரான புரதத்தைக் கழுத்தில் புதிதாகக் காயம்பட்ட 126 பேரிடம் ஐரோப்பிய மருத்துவமனைகள் சோதித்தன. முதுகுத் தண்டு நீருக்குள் ஊசி மூலம் செலுத்தினார்கள்; ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பகுதியினருக்குப் போலி மருந்து கொடுத்தார்கள். பிறகு முடிவு வெளியானது. ஒட்டுமொத்தமாகக் கைகளின் வலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காயம் முழுமையாக இல்லாதவர்களிடம் மட்டும் முன்னேற்றத்தின் அறிகுறி தெரிந்தது. முப்பத்தைந்து ஆண்டு உழைப்பு இதோடு வீணாகவில்லை; அடுத்த ஆய்வை யாரிடம் நடத்த வேண்டும் என்று காட்டியிருக்கிறது. ஆனாலும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் நிலைக்கு அது வரவில்லை.

செல்களை நட்டுப் பார்த்தவர்கள்

இரண்டாவது பாதை, இழந்த அணுக்களுக்குப் பதிலாகப் புதிய அணுக்களை வைப்பது. மூக்கில் வாசனை நரம்புகள் வாழ்நாள் முழுதும் புதுப்பிக்கப்படுகின்றன. அவற்றுக்குத் துணை நிற்கும் உறை அணுக்களை லண்டனின் ஜெஃப்ரி ரெய்ஸ்மன் பல்லாண்டு ஆராய்ந்தார். போலந்தில் கத்திக்குத்தில் தண்டுவடம் அறுபட்ட ஒருவருக்கு அந்த அணுக்களும் கணுக்கால் நரம்புப் பாலமும் வைக்கப்பட்டன. அவர் தாங்கு கம்பிகளுடன் நடந்ததாக 2014இல் செய்தி வந்து உலகமே வியந்தது. ஆனால் அது ஒரே ஒருவரின் கதை. தீவிரப் பயிற்சியும் சேர்ந்து நடந்தது. எது பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதே ஆண்டு இன்னொரு செய்தியும் மருத்துவ இதழில் வந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் மூக்குத் திசுவைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு அங்கே கட்டி வளர்ந்து, அறுவை மூலம் அகற்ற வேண்டியதாயிற்று. முதல் செய்தியை அறிந்தவர்களில் மிகச் சிலரே இரண்டாவதை அறிவார்கள்.

கருமுளை ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய அணுக்களை மனிதரில் முதன்முதலாகச் செலுத்தியது 2010இல் அமெரிக்காவின் ஜெரான் நிறுவனம். அதுவும் தண்டுவடக் காயத்துக்குத்தான். ஓராண்டிலேயே பணக் காரணத்தால் கைவிட்டது. பிறகு வேறு நிறுவனங்கள் தொடர்ந்தன. பாதுகாப்பு ஓரளவு உறுதியானது. பலன் இன்னும் நிறுவப்படவில்லை.

இப்போது கண்கள் ஜப்பான் பக்கம் திரும்பியிருக்கின்றன. உடலின் சாதாரண அணுவையே ஸ்டெம் செல்லாகப் பின்னோக்கித் திருப்பலாம் என்று 2006இல் காட்டியவர் ஷின்யா யமனக்கா. 2012இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அவ்வாறு உருவாக்கிய ஐபிஎஸ் அணுக்களிலிருந்து நரம்பின் முன்னோடி அணுக்களை வளர்த்து, கெய்யோ பல்கலைக்கழகத்தின் ஹிடேயுகி ஒகானோ, மசாயா நகாமுரா குழு நான்கு நோயாளிகளுக்கு வைத்தது. முதல் அறுவை 2021 டிசம்பரில் நடந்தது. 2025 மார்ச்சில் முடிவை அறிவித்தார்கள். பெரிய பக்கவிளைவு இல்லை. நால்வரில் இருவருக்கு இயக்கம் கூடியது. அவர்களில் ஒருவர் தாங்கல் இன்றி நின்று, நடக்கப் பயிற்சி எடுத்தார். நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் நான்கே பேர். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு இல்லை. காயம்பட்ட சில வாரங்களுக்குள் செய்யப்பட்டவை. அடிபட்டு ஐந்தாறு ஆண்டு ஆனவருக்கு இது பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

ஜப்பானிலேயே வேறொரு எச்சரிக்கையும் இருக்கிறது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லைச் சிரை வழியே இரத்தத்தில் ஏற்றும் ‘ஸ்டெமிராக்’ சிகிச்சைக்கு 2018 இறுதியில் அந்நாடு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. அடிப்படையாக இருந்தது 13 பேரிடம் நடந்த ஆய்வு, அதுவும் ஒப்பீட்டுக் குழு இல்லாமல். சான்று போதாது, அவசரப்பட்டு அனுமதித்துவிட்டீர்கள் என்று உலக அறிவியலாளர்கள் பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். காயம்பட்ட முதல் மாதங்களில் பலருக்கும் இயல்பாகவே ஓரளவு மீட்சி வரும். ஒப்பீடு இல்லாமல் அந்த மீட்சியை மருந்தின் கணக்கில் எழுதுவது மிக எளிது.

எஞ்சியதை எழுப்பிய மின்சாரம்

மூன்றாவது பாதை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பைரன் ககுலாஸ், தண்டுவடக் காயத்தோடு வாழ்ந்து இறந்தவர்களின் தண்டுவடங்களை ஆராய்ந்தார். முழுமையாகச் செயலிழந்தவர் என்று எழுதப்பட்ட பலரிடமும் காயத்தைக் கடந்து சில நரம்பிழைகள் அறுபடாமல் போவதைக் கண்டார். பேச்சிழந்தும் உயிரோடு இருக்கும் இழைகள் அவை. மற்றொரு பக்கம், நடைக்குரிய தாளத்தைத் தண்டுவடமே உருவாக்க வல்லது என்று பூனைகளிடம் நடத்திய சோதனைகள் பல்லாண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தன. இரண்டையும் சேர்த்தால் ஒரு வழி பிறக்கிறது. கீழே உறங்கும் நரம்பணுக்களை மின்துடிப்பால் விழித்திருக்கும் நிலைக்குக் கொண்டுவந்தால், மேலிருந்து வரும் மெல்லிய கட்டளைகூட அவற்றுக்குக் கேட்குமே!

அமெரிக்காவின் லூயிவில் நகரில் சூசன் ஹர்கேமாவும் லாஸ் ஏஞ்சல்ஸின் ரெஜி எட்ஜர்டனும், பழைய வலி நிவாரணக் கருவியை எடுத்து, கால்கள் முற்றும் செயலிழந்த ஓர் இளைஞரின் தண்டுவட உறைக்கு வெளியே பொருத்தினார்கள். துடிப்பு ஓடும்போது அவர் நின்றார். பிறகு கால்விரலைத் தானே அசைத்தார். 2011இல் வெளியான அந்த அறிக்கை துறையின் போக்கையே திருப்பியது. 2018இல் லூயிவில், மாயோ கிளினிக், சுவிட்சர்லாந்தின் லோசான் ஆகிய மூன்று குழுக்கள், கருவியின் துணையோடும் நெடும் பயிற்சியோடும் நோயாளிகள் நடந்ததைத் தனித்தனியே அறிவித்தன.

லோசானில் கிரகுவார் கூர்த்தீன், அறுவை மருத்துவர் ஜோஸ்லின் பிளாக் இருவரும் இன்னும் ஓரடி வைத்தார்கள். நடப்பதற்கு எந்தத் தசை எப்போது சுருங்க வேண்டுமோ, அந்த ஒழுங்கிலேயே துடிப்பைக் கொடுத்தார்கள். 2023இல் நெதர்லாந்துக்காரர் ஒருவரின் மூளை மேற்பரப்பில் மின்முனைகள் வைத்து, அவர் நடக்க எண்ணும் எண்ணத்தைக் கணினி வழியே தண்டுவடக் கருவிக்கு அனுப்பினார்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சைக்கிள் விபத்தில் அடிபட்டவர், தான் நினைத்தபோது நடந்தார், படி ஏறினார். பயிற்சிக்குப் பின் கருவியை அணைத்த நிலையிலும் ஊன்றுகோலோடு நடக்க முடிந்தது. துடிப்பும் பயிற்சியும் சேர்ந்து எஞ்சிய இணைப்புகளை மெய்யாகவே வலுப்படுத்துகின்றன என்பதற்கு அது நல்ல தடயம்.

சாதாரண மக்களுக்கு எட்டக்கூடிய பலன் அறுவை இல்லாத முறையில் கிடைத்திருக்கிறது. கழுத்தின் தோல்மேல் மின்முனை ஒட்டி, துடிப்பு கொடுத்தபடியே கைக்குப் பயிற்சி தரும் கருவியை 60 பேரிடம் சோதித்தார்கள். 2024இல் முடிவு வந்தது. 72 சதவீதம் பேருக்குக் கைகளின் வலிமையும் செயலும் இரண்டுமே கூடின. அவர்களில் அடிபட்டு முப்பதாண்டுக்கு மேல் ஆனவர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கருவிக்கு அனுமதி தந்தது. இந்த ஆய்விலும் தனி ஒப்பீட்டுக் குழு இல்லை. முதலில் வெறும் பயிற்சி, பிறகு துடிப்போடு பயிற்சி என்று அதே நபரிடம்தான் ஒப்பிட்டார்கள். பலன் பெற்றவர்கள் பெரும்பாலும் முழுமையற்ற காயம் உடையவர்கள். இந்த வரம்புகளோடும், நாள்பட்ட காயத்துக்கு முதன்முறையாக ஒரு வாயில் திறந்திருக்கிறது என்று சொல்லலாம்.

நோயாளி கேட்பது எதை?

ஆராய்ச்சிச் செய்திகளின் படங்களில் எப்போதும் நடக்கும் மனிதர்தான். காயம்பட்டவர்கள் கேட்பது அதையா? 2004இல் அமெரிக்க ஆய்வாளர் கிம் ஆண்டர்சன், தானும் அதே காயத்தோடு வாழ்பவர், 681 பேரிடம் இதைக் கேட்டார். கைகளும் செயலிழந்தோர் முதலில் கேட்டது கையின் செயல். கால்கள் மட்டும் செயலிழந்தோர் முதலில் கேட்டது பாலுறவு வாழ்க்கை. சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இரு சாராரும் முன்வரிசையில் வைத்தார்கள். ஒரு டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்க முடிவது, ஒருநாள் முழுதும் ஈரமாகிவிடுமோ என்ற அச்சம் இல்லாமல் வெளியே போக முடிவது: இவை நடையைவிடச் சிறிய வெற்றிகள் என்று அவர்கள் நினைக்கவில்லை.

இந்தக் கோணத்தில் பார்த்தால் ஆரவாரமில்லாத சில முன்னேற்றங்களின் மதிப்பு புரியும். மெல்போர்னில் நடாஷா வான் ஸில் குழு, காயத்துக்கு மேலே நல்ல நிலையில் உள்ள நரம்பின் கிளையை எடுத்து, செயலிழந்த தசையின் நரம்போடு தைக்கிறது. 2019இல் வெளியான அவர்களின் அறிக்கையில், இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பின் பலர் முழங்கையை நீட்டவும் பொருளைப் பற்றவும் கற்றிருந்தார்கள். நம் நாட்டின் கை அறுவை சிகிச்சை வல்லுநர்களுக்கு எட்டாத வித்தை அல்ல இது. நசுங்கிய தண்டுவடத்தை 24 மணிநேரத்துக்குள் அழுத்தத்திலிருந்து விடுவிக்கும் அறுவையும் அப்படியே. 1,500க்கும் மேற்பட்டோரின் தரவை ஒன்றுசேர்த்து 2021இல் வெளியான பகுப்பாய்வு, விரைவாக அறுவை செய்யப்பட்டோர் கூடுதலாக மீண்டதைக் காட்டியது.

தோல்விகள் கற்பித்தவை

1990இல் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை எட்டு மணிநேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று ஒரு பெரிய ஆய்வு அறிவித்தது. உலகெங்கும் அதைக் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பலன் முழு ஆய்வில் வரவில்லை. பிறகு ஒரு பகுதியை மட்டும் பிரித்துப் பார்த்ததில் வந்தது. தொற்றும் குடல் இரத்தக்கசிவும் கூடியது பின்னர் தெரிந்தது. 2013இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டு நெறிகள் அதைக் கொடுக்க வேண்டாம் என்றே கூறின. ரிலுசோல் உள்ளிட்ட வேறு மருந்துகளும் இறுதிக்கட்ட ஆய்வுகளில் இலக்கை எட்டவில்லை.

எலியில் வென்றது மனிதரில் தோற்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. எலியின் தண்டுவடத்தில் நரம்பிழை சில மில்லிமீட்டர் வளர்ந்தாலே பலன் தெரியும். மனிதரில் பல சென்டிமீட்டர் வளர வேண்டும். எலிகளுக்கு ஒரே அளவு அடி, ஒரே வயது, ஒரே மரபு. மனிதரில் ஒரு காயம் இன்னொன்றைப் போல் இருப்பதில்லை. எலிக்கு அடிபட்ட சில நிமிடங்களில் மருந்து கொடுக்கலாம். மனிதர் பெரிய மருத்துவமனைக்கு வந்து சேரவே பல மணிநேரம் ஆகிறது. ஒரே மருந்து ஒரே தடையைத்தான் நீக்கும், தடைகளோ பல. வருங்காலத்தின் சிகிச்சை, அணுக்களைக் காக்கும் மருந்து, வளரவிடும் மருந்து, பாலமாகும் செல்கள், மின்துடிப்பு, பயிற்சி ஆகியவை சேர்ந்த கூட்டாகவே இருக்கும் என்பதில் இத்துறையினர் பெரும்பாலும் ஒன்றுபடுகிறார்கள். ஒற்றை ஊசி எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று யாரும் இப்போது எதிர்பார்ப்பதில்லை.

நம் முன் உள்ள கடமை

இந்த நிலவரத்தை அறிந்த பிறகு, பத்து இலட்சம் கொடுத்தால் ஸ்டெம் செல் ஏற்றி நடக்க வைக்கிறோம் என்பவரை எப்படி எடுத்துக்கொள்வது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இதில் ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கு நிலைபெற்றுவிட்ட சிகிச்சையைத் தவிர, அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லை மனிதருக்குச் செலுத்துவது நெறிக்கு மாறானது. அது உண்மையான ஆய்வானால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும். சோதனை மருந்துக்கு நோயாளியிடம் பணம் கேட்க மாட்டார்கள். காட்டை விற்று நகையை அடகு வைத்துப் பணம் திரட்டும் குடும்பங்கள் இந்த மூன்றையும் முதலில் கேட்க வேண்டும். கேட்டதும் பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிட வேண்டும். அந்தப் பணம் நல்ல சக்கர நாற்காலிக்கும் காற்று மெத்தைக்கும் பிசியோதெரபிக்கும் போகட்டும். ஏனென்றால் நாளைய சிகிச்சை எதுவாக இருந்தாலும், தசை சூம்பாமல், மூட்டு இறுகாமல், சிறுநீரகம் கெடாமல் உடலைக் காத்து வைத்தவருக்குத்தான் அது பயன்படும்.

அரசுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழ்நாடு 2021இல் தொடங்கியது. மிக நல்ல திட்டம். ஆனால் தண்டுவடக் காயம் 48 மணிநேரத்தில் முடிவதில்லை. 48 ஆண்டுகள் தொடரலாம். உயிரைக் காத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, படுக்கைப்புண்ணில் அவரை இழப்பது மருத்துவத்தின் தோல்வி அல்ல, ஏற்பாட்டின் தோல்வி. மாவட்டந்தோறும் தண்டுவடக் காயத்துக்கான மறுவாழ்வுப் பிரிவு, வாழ்நாள் முழுதும் கதீட்டர் வழங்கல், வீட்டுக்கே வரும் பயிற்சியாளர், சாய்தளம் உள்ள பேருந்தும் அலுவலகமும் வேண்டும். குட்மன் 1944இல் கண்டுபிடித்ததை நம் எல்லா மாவட்டங்களிலும் கொண்டுசேர்க்க எந்த மரபணு ஆய்வும் தேவையில்லை.

ஆக, காயம் ஆறுமா என்ற கேள்விக்கு இன்றைய நேர்மையான பதில் இது. அறுந்த தண்டுவடத்தை முழுமையாக மீட்கும் சிகிச்சை உலகில் எங்கும் இல்லை. முடியவே முடியாது என்ற பழைய தீர்ப்பும் இனிச் செல்லாது. எஞ்சிய நரம்பை எழுப்பும் முறைகள் வந்துவிட்டன. வளர்க்கும் முறைகள் மனிதரிடம் சோதனையில் இருக்கின்றன. விபத்து இடத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் இன்றே செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. கழுத்தோ முதுகோ வலிக்கிறது, கால் மரத்துப்போனது என்று அடிபட்டவர் சொன்னால், அவரை மடக்கித் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள், பலகையில் நேராகக் கிடத்திக் கொண்டுபோகச் செய்யுங்கள். அறுபடாமல் அன்று காப்பாற்றப்படும் ஒவ்வொரு நரம்பிழையும், இதுவரை எந்த ஆய்வுக்கூடமும் திருப்பித் தர முடியாதது.